கவிழ்த்துப் பாருங்கள்

அமெரிக்காவில் வெயில் காலம் வந்துவிட்டால் சனிக்கிழமை காலை தெருவுக்குத் தெரு கராஜ் சேல்தான், அதாவது வீட்டில் வேண்டாத பழைய பொருள்களை வாசலில் பரப்பி விற்பது. பழம்பொருள் வியாபாரிகள் விடிந்ததுமே வந்து நல்லதை அள்ளிவிடுவார்கள். பத்து மணிக்குப் போனால் பிளாஸ்டிக் பொம்மைகள்தான் மிச்சம்.

பீங்கான் கோப்பையோ தட்டோ கண்ணில் பட்டால், பூ வேலைப்பாட்டில் மயங்காமல் முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள். இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 1891-இல் நடைமுறைக்கு வந்தது. 'நிப்பான்' (ஜப்பானியர் தம் நாட்டைச் சொல்லும் பெயர்) என்றிருந்தால் பெரும்பாலும் அந்த ஆண்டுக்கும் 1921-க்கும் இடைப்பட்டது. பிறகு வந்தவற்றில் 'ஜப்பான்'. 'ஆக்குபைட் ஜப்பான்' (ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்) என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952 வரையிலான காலம். நிப்பான் முத்திரையில் போலிகளும் உண்டு. கனமாக, சொரசொரப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கரண்டியில் 'ஸ்டெர்லிங்' அல்லது 925 இருந்தால் வெள்ளி. 'ஈபிஎன்எஸ்' (EPNS) என்றால் வேறு உலோகத்தின் மேல் வெறும் வெள்ளி முலாம். பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருங்கள். ஒட்டினால் அது வெள்ளியே இல்லை. ஒட்டாவிட்டாலும் துள்ள வேண்டாம், பித்தளையும்தான் ஒட்டாது!

சில்லறை நோட்டாக எடுத்துப் போங்கள். இரண்டு டாலருக்குப் பேரம் பேசிவிட்டு ஐம்பது டாலர் நோட்டை நீட்டினால் நன்றாகவா இருக்கும்?

பழைய பித்தளை, வெண்கலம் கிடைத்தால் நம் வழக்கப்படி புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பதே காலப்போக்கில் படிந்த அந்தக் கறுப்புக்குத்தான்.