நீரோரப் பறவைகளையும் விலங்குகளையும் படம் எடுப்பது எப்படி?

ஏரிக்கரையிலும் தீவுகளைச் சுற்றிலும் எடுக்கும் உயிரினப் படங்கள் பெரும்பாலும் கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே, எங்கே உட்காருகிறோம் என்பதிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. ஆகவே இந்த விளக்கத்தில் இடத்தேர்வைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

படி 1: இடம்

சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும் கரையைத் தேர்ந்தெடுங்கள். அதோடு காற்று வீசும் திசையையும் பாருங்கள்: பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே இறங்கும் என்பதால், காற்றும் உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசினால் அவை உங்களை நோக்கி வரும். காலையில் கிழக்குக் காற்று வீசும் நாளில் ஏரியின் கிழக்குக் கரையில் அமர்ந்தால் வெளிச்சம், காற்று இரண்டும் ஒருசேரத் துணை நிற்கும். கடலோரமாக இருந்தால் நீரேற்றம் தொடங்கும்போதே போய் அமர்ந்துவிடுங்கள். நீர் ஏற ஏற, சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் கரைப்பக்கமாக ஒதுங்கி வரும்.

அமர்ந்தபின் பறவையைத் தேடி நகராமல், அது உங்களிடம் வரும்வரை காத்திருங்கள். முடிந்தவரை தாழ்வாக, இயன்றால் குப்புறப் படுத்து, லென்ஸை நீர்மட்டத்துக்கு அருகில் கொண்டுவாருங்கள். நின்றபடி எடுத்தால் பறவைக்குப் பின்னால் பக்கத்து நீரே தெரியும். தாழ்ந்து எடுத்தாலோ பின்னணி தொலைவுக்குப் போய், மங்கிக் கரைந்து, பறவையின் கண் மட்டும் துலங்கி நிற்கும். எந்த விலையுயர்ந்த லென்ஸும் நின்ற நிலையில் இதைத் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

படி 2: கேமரா அமைப்பு

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/2000 நொடி, நடந்து மேயும் பறவைக்கு 1/500 நொடி, அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித்திறப்பு) எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோ. தொடர் போகஸில் (நகரும் பறவையைக் கேமரா விடாமல் பின்தொடர்ந்து கூர்மையாக்கும் முறை) வைத்துக் கண்ணைக் குறிவையுங்கள்.

படி 3: வெண்மையும் கருமையும்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். இருண்ட நீரின் முன் நிற்கும் வெள்ளைக் கொக்கைக் கண்டால், கேமரா அந்த இருட்டைக் கணக்கில்கொண்டு படத்தை வெளிச்சமாக்கிவிடும். கொக்கின் இறகுகள் வரியே தெரியாமல் வெளுத்துப் போகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணக்கிடும் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் அமைப்பு) −1 அளவுக்குக் குறைத்து, ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராம் (படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பளபளக்கும் நீரின் முன் நிற்கும் கரிய நீர்க்காகத்துக்கு நேர்மாறாக +1 வரை கூட்ட வேண்டும். வெயில் ஏறியபின் நீரின் மேல் கானல் அலையத் தொடங்கிவிட்டால் தொலைதூரப் படம் எதுவும் கூர்மையாக வராது. அந்த நேரத்தில் கேமராவைப் பையில் வைத்துவிடலாம்.

படி 4: அடுத்த அசைவை முன்கூட்டியே அறிதல்

ஆலா என்னும் மீன்பிடிப் பறவை, மீனைக் கண்டதும் அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும். அதன் அலகு நேர்கீழாகத் திரும்பிய மறுகணம் பாய்ந்துவிடும் என்பதால், தலை குனியும்போதே ஷட்டரை அழுத்தத் தொடங்குங்கள். நீர்நாய் மூழ்கினால் நீரில் குமிழிகள் வரிசையாக எழும். அவ்வரிசை போகும் திசையில் லென்ஸைத் திருப்பி வைத்துக் காத்திருங்கள்.

படி 5: படகிலிருந்து

லென்ஸைப் படகின் விளிம்பில் ஊன்றாதீர்கள், எஞ்சினின் அதிர்வு படத்தில் ஏறிவிடும். முழங்கைகளை உடலோடு ஒட்டிவைத்து, ஷட்டர் வேகத்தைக் கரையில் வைப்பதைவிடக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பறவைகள் கூட்டமாகக் கூடுகட்டியிருக்கும் தீவில் இறங்கவே வேண்டாம். தாய்ப்பறவை பதறி எழுந்துவிட்டால், திறந்து கிடக்கும் முட்டைகள் வெயிலில் கெட்டுப்போகும், அல்லது காகங்களும் கடற்காகங்களும் கொத்திச் சென்றுவிடும். மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்துவதும், எச்சரிக்கைக் குரல் எழுப்புவதும், உங்கள் தலைக்கு மேல் வட்டமிடுவதும் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்பதற்கான அறிகுறிகள், உடனே பின்வாங்குங்கள். கூடு இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் குறிப்பைப் படத்திலிருந்து நீக்கிய பின்னரே இணையத்தில் பகிருங்கள்.

கடலிலிருந்து திரும்பியதும் கருவியை உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. காய்ந்த உப்புத் துகள்கள் கண்ணாடியைக் கீறிவிடும். நன்னீரில் நனைத்து இறுகப் பிழிந்த மென்துணியால் முதலில் ஒற்றியெடுத்து, பிறகு துடையுங்கள்.