திக்கிப் பேசும் சிறுமியை வைத்துச் சிறார் நாவல் எழுதுவது எப்படி?

திக்கல் மூன்று விதமாக வெளிப்படும்: முதல் அசை திரும்பத் திரும்ப வருவது, ஓர் ஒலி நீண்டுவிடுவது, வாய் திறந்தும் ஒலியே எழாமல் அடைத்துக்கொள்வது. முதல் விதத்தை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் புள்ளி வைத்து எழுதினால், படிக்கும் குழந்தை சிரிக்கத் தொடங்கிவிடும் என்பதே என் அச்சம். ஓரிரு இடங்களில் காட்டினால் போதும்.

மண்டபத்திலிருந்து பேருந்தில் வரும் சிறுமி, ‘தங்கச்சிமடம்’ என்ற சொல்லின் முதலெழுத்தே நாவில் எழாததால், அதற்கு முந்தைய ஊரான பாம்பனுக்குச் சீட்டு வாங்கி இறங்கி, மீதித் தூரத்தை வெயிலில் நடந்தே வீடு சேர்கிறாள் என்று எழுதுங்கள். வராத சொல்லைத் தவிர்க்கும் இந்தத் தந்திரம் திக்குபவர்கள் பலருக்கும் அன்றாடப் பழக்கம். அவளே தோழியரோடு சேர்ந்து பாடும்போது பெரும்பாலும் தடுமாறமாட்டாள்.

கரையில் மீன் ஏலம் நடக்கையில், “மூச்ச இழுத்துவிட்டுச் சொல்லுத்தா” என்று அத்தை சொல்வது அன்பினால்தான் எனினும், அது பதற்றத்தையே கூட்டும். குறுக்கிடாமல் காத்திருக்கும் ஒருவரையும் கதையில் வையுங்கள். அச்சமோ வளர்ப்போ காரணம் என்று எழுதாதீர்கள். மரபணுவுக்கும் மூளை பேச்சை இயக்கும் விதத்துக்கும் அதில் பங்குண்டு. இறுதி அத்தியாயத்தில் திக்கல் மாயமாய் மறைய வேண்டாம்; அவள் திக்கியபடியே விலையைச் சொல்லி முடிக்கட்டும், ஏலம் விடுபவர் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.