முழங்கை வெளிப்பக்க வலி: தோட்டத்து ஆட்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வெட்டுகிற அண்ணன்மார், முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் எலும்பில்தான் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். குலை வெட்டும் கம்பை இறுக்கிப் பிடிப்பது உள்ளங்கைப் பக்கத் தசைதானே, வலி ஏன் வெளியே வருகிறது என்றும் கேட்கிறார்கள்.

மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடக்கிக்கொண்டு ஒரு துணியை இறுகப் பிடித்துப் பாருங்கள். பிடியில் பலமே இருக்காது. விரல்களை மடக்குவது உள்பக்கத் தசைகள் என்றாலும், மணிக்கட்டு மடங்கிப் போகாமல் நிமிர்த்தி வைப்பது முன்கையின் பின்பக்கத் தசைகள். கம்பை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் இவையும் சேர்ந்துதான் உழைக்கின்றன.

இவற்றின் மேல் அடுக்கில் 7 தசைகள். ஏழுமே முழங்கையின் வெளி எலும்பு முண்டில் ஒரே தசைநாணாக (தசையை எலும்போடு இணைக்கும் நார்) தொடங்குவதாக உடற்கூறு படிக்கும் பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிடுகிறார்கள். அப்படித் தொடங்குபவை 4 மட்டுமே. பிரேக்கியோரேடியாலிஸ் என்ற தசை அதற்கும் மேலே, மேற்கை எலும்பின் ஓரத்தில் தொடங்குகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டும் இந்தப் பின்பக்கத் தசைகளின் கூட்டத்தில் இருந்தாலும் அது முழங்கையை மடக்கும் தசை. கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையை வைத்து, மேசையின் அடிப்பக்கத்தைத் தூக்குவதுபோல அழுத்துங்கள், கட்டைவிரல் பக்கமாக அது புடைத்து நிற்கும்.

வலியை அதிகம் கொடுப்பது அந்த நான்கில் ஒன்றான எக்ஸ்டென்சர் கார்ப்பி ரேடியாலிஸ் பிரெவிஸ் என்ற தசையின் நாண். டென்னிஸ் எல்போ என்று சொல்லும் முழங்கை வெளிப்பக்க வலி பெரும்பாலும் இதுதான், டென்னிஸ் மட்டையைத் தொடாதவருக்கும் வரும். இதில் வெறும் வீக்கத்தைவிட நாணின் தேய்மானம்தான் முக்கியம். அதனால் அந்த முண்டிலேயே விரலை வைத்து அழுத்தி நீவுவது வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு அதே வேலையைத் தொடர்வதும் தவறு. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும், ஆனால் பிறகு வலி திரும்புவது அதிகம். சரி, கையை அசைக்காமலே வைத்திருக்கலாமா? அப்படி வைத்தால் தசை இன்னும் பலம் குறையும்.

சிறிய தண்ணீர் போத்தலைப் பிடித்து, உள்ளங்கை கீழே பார்க்க, முன்கையை மேசைமேல் வையுங்கள். மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். மற்ற கையால் போத்தல் பிடித்த கையை மேலே தூக்கிவிட்டு, பிறகு அந்த உதவியில்லாமல் மெதுவாக இறக்குங்கள். வாளியையோ பையையோ தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்த்தபடி தூக்கினால் இந்த நாணுக்குச் சுமை குறையும்.

மணிக்கட்டு தொங்கிப் போனாலோ விரல்களை நிமிர்த்த முடியாவிட்டாலோ அது டென்னிஸ் எல்போ இல்லை. நரம்பு அடிபட்டிருக்கலாம், திடீரென்று வந்தால் பக்கவாதமாகக்கூட இருக்கலாம். நாள் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.