குப்பைத்தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது? மீயொலி சென்சாரும் லோராவும் கொண்டு அறியும் செய்முறை

எங்கள் குடியிருப்பின் பின்வாசலில் 240 லிட்டர் தொட்டிகள் நான்கு நிற்கின்றன. பச்சைத் தொட்டிகளில் மக்கும் குப்பையும் நீலத் தொட்டிகளில் மக்காத குப்பையும் சேர்கின்றன. நீலத் தொட்டிகள் சில நாள் பாதிகூட நிரம்பாமலும், பார்சல் அட்டைப்பெட்டிகள் குவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வழிந்தும் கிடப்பதால், வண்டியை எப்போது அழைப்பது என்ற வாக்குவாதம் சங்கக் கூட்டங்களில் ஓயவே இல்லை. அதைத் தீர்க்க நான் செய்த கருவி இது. ஆர்டுயினோ மென்பொருளில் ஒரு நிரலை ஏற்றத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: பொருள்கள்

இஎஸ்பி32 பலகை (நிரலை இயக்கும் சிறு கணினிச் சில்லு) ஒன்று, ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி மீயொலி சென்சார் (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலியால் தூரத்தை அளப்பது) ஒன்று, லோரா மாட்யூல் (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரத்துக்கு வானலையில் செய்தி அனுப்புவது) ஒன்று, 18650 லித்தியம் செல் ஒன்று, அதன் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக உயர்த்தும் சிறு மாட்யூல் ஒன்று, பந்துச் சாய்வு சுவிட்ச் (சாய்த்தால் உள்ளிருக்கும் பந்து உருண்டு மின்தொடர்பைத் துண்டிப்பது) இரண்டு. எல்லாவற்றையும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். விலை மலிவான எச்.சி.-எஸ்ஆர்04 சென்சாரைத் தவிர்த்துவிடுங்கள். அதன் திறந்த முகம் தொட்டியின் ஈரத்தைத் தாங்காது. லேசர் வகையும் எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்புப் பை அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், கண்ணாடி முகத்தில் அழுக்கும் படியும்.

லோரா மாட்யூல் வாங்கும்போது 868 மெகாஹெர்ட்ஸ் வகையைக் கேட்டு வாங்கி, நிரலில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸுக்குள் அமையுங்கள். இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தத்தக்க அலைவரிசை அது. ஆன்டெனாவைப் பொருத்தாமல் ஒருபோதும் அனுப்பிப் பார்க்காதீர்கள், மாட்யூல் பழுதாகிவிடலாம்.

படி 2: இணைப்பு

எதிரொலி வந்ததைச் சொல்லும் சென்சாரின் எக்கோ முனை 5 வோல்ட் தரும், இஎஸ்பி32 தாங்குவதோ 3.3 வோல்ட்தான். எனவே எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து தரை (GND) முனைக்கு 2 கிலோ ஓம் மின்தடைகளை வைத்து, இரண்டும் சேரும் புள்ளியிலிருந்து இஎஸ்பி32-க்குக் கம்பி எடுங்கள்.

படி 3: தூரத்தை அளத்தல்

சென்சார் மூடியிலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறது; குப்பை உயர உயரத் தூரம் குறையும். எதிரொலி திரும்ப எடுத்த மைக்ரோவினாடிகளை 0.0343-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 40 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் கூடுவதால் 90 செ.மீ. தூரத்தில் ஏறத்தாழ 3 செ.மீ. பிசகும், குப்பைக்கு அது ஒரு பொருட்டல்ல. ஏழு முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்தால் ஒரேயொரு தவறான எதிரொலி முழுக் கணக்கையும் கெடுத்துவிடும்.

படி 4: நிரம்பிய தொட்டி காலியாகத் தெரிவது

என்னை இரண்டு வாரம் அலைக்கழித்த இடம் இதுதான். தொட்டி வழிந்து மூடி தூக்கி நின்றபோதும் என் கைபேசி 'காலி' என்றே காட்டிக்கொண்டிருந்தது. இந்தச் சென்சாரில் ஒலியை அனுப்புவதும் கேட்பதும் ஒரே தகடுதான். மணியை அடித்தபின் ரீங்காரம் அடங்கச் சற்று நேரம் ஆவதுபோல, அனுப்பிய அதிர்வு அடங்குவதற்குள் வந்துசேரும் எதிரொலியை அதனால் கேட்க முடியாது. அதனால் ஏறத்தாழ 20 செ.மீ.க்குள் இருக்கும் எதையும் அது சரியாக அளப்பதில்லை. பொய்யான ஓர் எண்ணைத் தரும், அல்லது எதிரொலியே இல்லை என்று சொல்லும். நானோ எதிரொலி இல்லையென்றால் தொட்டி காலி என்று நிரலில் எழுதி வைத்திருந்தேன்.

மூடியில் துளையிட்டு, பிவிசி குழாய்த் துண்டின் உச்சியில் சென்சாரை உயர்த்திப் பார்த்தேன். ஒலிக்கற்றை அகலமானது என்பதால் குழாயின் விளிம்பே எதிரொலித்தது. கடைசியில் கைகொடுத்த வழி இது: தூரம் 30 செ.மீ.க்குக் கீழே ஒருமுறை இறங்கிவிட்டால் 'நிரம்பியது' என்று குறித்துவைத்துவிட வேண்டும். தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டும்வரை எந்த அளவு வந்தாலும் அந்தக் குறிப்பை மாற்றக் கூடாது. கவிழ்ப்பதை அறியத்தான் முதல் சாய்வு சுவிட்ச். அதை மூடியில் அல்ல, தொட்டியின் பின்சுவரில், நிமிர்ந்து நிற்கையில் பந்து தொடுமுனைகள் மீது அமரும்படி ஒட்டுங்கள். சக்கரத்தில் உருட்டிச் செல்லும் சாய்வுக்கு அது அசையாது, தலைகீழாகும்போதுதான் திறக்கும்.

அந்தக் குறிப்பை ஆர்டிசி நினைவகத்தில் (சில்லு உறங்கும்போதும் அழியாத பகுதி) வையுங்கள். சாதாரண மாறியில் வைத்தால் ஆழ்துயிலில் அழிந்துவிடும்.

படி 5: மின்கலம்

அரை மணிக்கு ஒருமுறை மட்டும் விழித்து, அளந்து, அனுப்பிவிட்டு உறங்கச் செய்யுங்கள். இஎஸ்பி32 சில்லு உறக்கத்தில் எடுப்பது 10 மைக்ரோஆம்பியர் அளவுதான் என்றாலும், பலகையிலுள்ள சிவப்பு விளக்கு அதைவிடப் பன்மடங்கு எடுக்கும். அதைச் சூட்டுக்கோலால் பெயர்த்துவிட்டேன். 5 வோல்ட் மாட்யூலையும் உறக்கத்தின்போது அணைத்துவையுங்கள். தொட்டி கவிழும்போது திறந்து கருவியை எழுப்பும் முதல் சாய்வு சுவிட்ச், மற்ற நேரமெல்லாம் மின்சுற்றை இணைத்தபடியே இருப்பதால், அதை 3.3 வோல்ட்டுடன் இணைக்க 1 மெகா ஓம் மின்தடையைப் பயன்படுத்துங்கள். சில்லின் உள்மின்தடையை நம்பினால் அதன் வழியே அதிக மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும்.

பிற்சேர்க்கை 1: அளக்கும் நொடியில் யாரேனும் மூடியைத் திறந்திருந்தால் சென்சார் வானத்தைப் பார்க்கிறது என்று ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார். இரண்டாவது சாய்வு சுவிட்ச் அதற்காகவே. அதை மூடியில் பொருத்தி, மூடி கிடைமட்டமாக இல்லையென்றால் அளக்காமல் இரண்டு நிமிடம் உறங்கும்படி எழுதியுள்ளேன்.

பிற்சேர்க்கை 2: கழுவிய தொட்டியைக் காயக் கவிழ்த்து வைத்ததில் ஒரே இரவில் மின்கலம் தீர்ந்ததாக இன்னொருவர் எழுதினார். சுவிட்ச் திறந்தே இருப்பதால் கருவி உறங்கிய கணமே விழித்துக்கொண்டிருந்திருக்கிறது. விழித்தபின்னும் சுவிட்ச் திறந்திருந்தால் அந்த எழுப்பியை நிறுத்திவிட்டு, அடுத்த அரை மணிக்குக் கடிகாரத்தை மட்டும் நம்பி உறங்குமாறு நிரலைத் திருத்திவிட்டேன்.