டயர் கிழிந்தால் ஐந்து பவுண்டு நோட்டு

சைக்கிள் டயரில் சிறு வெட்டு விழுந்தால், டியூபை மாற்றும்போது நான்காக மடித்த ஐந்து பவுண்டு நோட்டை வெட்டுக்கு நேர் உட்புறத்தில், டயருக்கும் டியூபுக்கும் இடையே வைத்துவிட்டுக் காற்றடியுங்கள். பிரிட்டிஷ் இதய அறக்கட்டளைக்கு நிதி திரட்ட ஜூன் மாதத்தில் நடைபெறும் லண்டன்–பிரைட்டன் சைக்கிள் பயணத்தில், 54 மைல் தூரத்தின் பிற்பகுதி சவுத் டவுன்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளைக் கடக்கிறது. அம்மண்ணில் நிறைந்துள்ள சக்கிமுக்கிக் கல்லின் சில்லுகள் டயரையே அறுத்துவிடக்கூடியவை.

அவ்வாறு அறுந்த இடத்தில் புதிய டியூபை மட்டும் போட்டால், உள்ளிருக்கும் காற்றழுத்தம் அதை வெட்டின் வழியே வெளியே பிதுக்கி, சற்று நேரத்தில் வெடிக்கச் செய்துவிடும். மடித்த நோட்டு அந்த அழுத்தத்தை வெட்டைச் சுற்றிலும் பரப்பித் தாங்கிக்கொள்கிறது. 2016 முதல் இந்த நோட்டு பாலிமரில் அச்சிடப்படுவதால், காகிதத்தைப் போல ஈரத்தில் நைந்துபோவதில்லை. தின்பண்டக் கட்டியின் தடித்த உறையும் இதே வேலையைச் செய்யும் என்பதால், ஓய்விடத்தில் அதை எறியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. உதவி வண்டிக்காகக் காத்திருக்கும் நேரமும் வழியில் புது டயர் வாங்கும் செலவும் மிச்சமாகும்.

குத்திய சில்லை முதலில் அகற்றிவிடுங்கள். வெட்டு விரல் அகலத்துக்கு மேல் நீண்டிருந்தாலோ, சக்கர விளிம்பைப் பற்றும் டயரின் ஓரக்கம்பி சிதைந்திருந்தாலோ இம்முறை உதவாது. ஒட்டுப்போட்ட டயருடன் அக்குன்றுகளில் ஒன்றான டிட்ச்லிங் பீக்கனிலிருந்து வேகமாக இறங்கவும் கூடாது. ஊர் சேர்ந்ததும் டயரை மாற்றிவிடுங்கள்.