முற்றிய புற்றுநோயில் சீன மருத்துவம்: இந்தத் தவறுகள் வேண்டாம்

கட்டி கரைந்துவிடும் என்று நம்பிப் போவதுதான் முதல் தவறு. ஹாங்காங்கில் 2014 முதல் சில அரசு மருத்துவமனைகளில் புற்றுநோயாளிகளுக்குத் தணிப்புச் சிகிச்சையோடு (நோயின் தொல்லைகளைக் குறைக்கும் சிகிச்சை) சீன மருத்துவத்தையும் சேர்த்துத் தருகிறார்கள். அங்கே இலக்கு கட்டி அல்ல, குமட்டல், வலி, சோர்வு, பசியின்மை போன்ற தொல்லைகள்தான்.

அதைவிட ஆபத்தானது, "மூலிகைதானே" என்று புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது. பசிக்காகத் தரும் சீனக் கஷாயங்கள் பலவற்றில் அதிமதுரம் இருக்கும். அது உடம்பில் நீரைத் தேக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். கால் வீக்கத்துக்கு ஃப்ரூசிமைடும் வாந்திக்கு டெக்ஸாமெத்தசோனும் ஏற்கெனவே எடுப்பவர் என்றால், அவையும் பொட்டாசியத்தைக் குறைப்பவைதான், மூன்றும் சேர்ந்தால் இதயத்துடிப்பே தடுமாறலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் டாங்குவாய் என்ற சீன மூலிகை வேரைச் சேர்த்தால் ரத்தக்கசிவு வரலாம். அதனால் கஷாயத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வாங்கி, இரண்டு மருத்துவர்களிடமும் காட்டுங்கள்.

பெயர் தெரியாத பொடியை ஆன்லைனில் வாங்கவே வாங்காதீர்கள். 1990களில் பெல்ஜியத்தில் எடைகுறைப்பு மாத்திரையில் ஒரு சீன வேருக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுச் செடியின் வேர் கலந்துவிட, பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

அக்குபஞ்சர் ஆரம்பித்தாயிற்று என்று மார்ஃபினைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலி திரும்புவதோடு வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு என்று நோயாளி தவித்துப்போவார். அப்புறம், ரத்தத் தட்டணுக்களோ வெள்ளை அணுக்களோ குறைந்திருந்தால் அக்குபஞ்சர் ஊசி குத்தலாமா என்று முதலில் கேளுங்கள், கட்டி இருக்கும் இடத்திலும் வீங்கிய கையிலும் ஊசி கூடாது. குமட்டலுக்கு ஊசியே இல்லாமலும் முயலலாம்: மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, உள்பக்கம், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள நெய்குவான் புள்ளியைக் கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பாருங்கள்.

கடைசியாக, நாலு கரண்டி கஞ்சி குடிக்கவே திணறுபவருக்கு ஒரு கிண்ணம் கசப்புக் கஷாயத்தைப் புகட்டாதீர்கள். குருணை வடிவிலும் சீன மருந்து கிடைக்கிறது, கொஞ்சம் வெந்நீரில் கரைத்துத் தரலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அதையும் நோயாளி வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.