இயற்கை அவதானிப்புகளைச் சூழலியல் ஆய்வில் பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் உயிரினம் எங்கே வாழ்கிறது, எதை உண்கிறது, எதற்கு இரையாகிறது, எந்தப் பருவத்தில் இனப்பெருக்கம் செய்கிறது என்பவற்றைக் களத்தில் நேரில் பார்த்து எழுதி வைப்பதையே இயற்கை வரலாற்று அவதானிப்பு என்கிறோம். கணித மாதிரிகளும் செயற்கைக்கோள் படங்களும் மரபணுப் பகுப்பாய்வும் பெருகிய பிறகு, இத்தகைய அவதானிப்பு பழைய காலத்துப் பொழுதுபோக்கு என்றும், ஆய்வுக்கு முந்தைய தயாரிப்பு மட்டுமே என்றும் கருதுவோர் சூழலியலாளர்களிடையேயும் இருக்கிறார்கள். முதலில் கைவிட வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். எதை அளக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கே அந்த உயிரினத்தின் அன்றாட வாழ்வு தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் துல்லியமாக அளந்தாலும் தவறான பொருளையே அளந்திருப்போம்.

பிரிட்டனில் பெரும் நீல வண்ணத்துப்பூச்சிக்கு நேர்ந்தது இதற்குத் தெளிவான சான்று. அதன் எண்ணிக்கை குறையத் தொடங்கியபோது, பூச்சிகளைப் பிடித்துச் சேகரிப்பவர்களே காரணம் என்று பலர் நம்பினர். அதனால் அது வாழ்ந்த இடத்துக்கு வேலியிட்டுக் காக்கவும் முயன்றனர். வேலி சேகரிப்பவர்களை மட்டுமன்றி மேயும் கால்நடைகளையும் வெளியே நிறுத்திவிட்டது. பூச்சி அங்கும் மறைந்தது. இத்தனைக்கும் அதன் வாழ்க்கைச் சுழற்சியின் பெரும்பகுதி அப்போதே தெரிந்திருந்தது. அது தைம் செடியின் பூமொட்டுகளில் முட்டையிடும். இளம்புழு சில வாரங்கள் பூவைத் தின்றபின் தரையில் விழும். மிர்மிகா என்னும் பேரினத்தைச் (நெருங்கிய பல இனங்கள் அடங்கிய தொகுதியைச்) சேர்ந்த எறும்புகள் அதைத் தங்கள் புழு என்று எண்ணிக் கூட்டுக்குள் தூக்கிச் செல்லும். அங்கே எறும்பின் புழுக்களையே தின்று அது மாதக்கணக்கில் வளரும். இவ்வளவு விவரங்கள் கையில் இருந்தும் பாதுகாப்பு முயற்சிகள் தோற்றுக்கொண்டே இருந்தன.

விடுபட்டிருந்த விவரம் எறும்பின் பெயரில் இருந்தது. 1970களில் சூழலியலாளர் ஜெரமி தாமஸ் அந்தப் பூச்சியின் வாழ்வை முட்டை முதல் இறக்கை முளைப்பது வரை களத்திலேயே தொடர்ந்து கவனித்தார். பல மிர்மிகா இனங்கள் புழுவைத் தூக்கிச் சென்றாலும், மிர்மிகா சபுலெட்டி என்னும் ஓர் இனத்தின் கூட்டில்தான் அது போதிய அளவில் பிழைக்கிறது என்பது அப்போது தெரியவந்தது. அந்த எறும்புக்கு வெயில் படும் வெப்பமான மண் தேவை. புல் சில செண்டிமீட்டர் உயர்ந்துவிட்டாலே மண் குளிர்ந்து, வேறு எறும்பினம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேய்ச்சல் கைவிடப்பட்டதும், 1950களில் மிக்சோமடோசிஸ் நோயால் முயல்கள் பெருமளவில் மடிந்ததும் புல்லை வளரவிட்டிருந்தன. உண்மை புலப்பட்டபோது காலம் கடந்திருந்தது. 1979இல் அந்தப் பூச்சி பிரிட்டனில் அற்றுப்போனது. பின்னர் மேய்ச்சலை முறைப்படுத்தி, 1983 முதல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து விட்ட பூச்சிகள் பிரிட்டனில் மீண்டும் நிலைபெற்றன. புல்லின் உயரத்தை அளக்க ஓர் அடிக்கோல் போதும். ஆனால் புல்லைத்தான் அளக்க வேண்டும் என்பதைக் களத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்தவரால் மட்டுமே சொல்ல முடிந்தது.

இதிலிருந்தே அடுத்த தவறும் விளங்கும். பேரினப் பெயரையோ பொதுப்பெயரையோ எழுதிவிட்டு, இனத்தை உறுதி செய்ய வழியே இல்லாமல் குறிப்பை முடித்துவிடுவது மிகப் பரவலான பழக்கம். இனம் அந்நேரத்தில் தெரியாமல் போவதில் குறை ஒன்றும் இல்லை. அதைப் பின்னால் ஒருவர் சரிபார்க்கத் தேவையான ஒளிப்படமோ, குரல் பதிவோ, உரிய அனுமதியோடு எடுத்துப் பாதுகாக்கப்பட்ட மாதிரியோ இல்லாமல் போவதுதான் இழப்பு. கோஸ்டாரிகாவின் குவானகாஸ்டே காடுகளில் சூழலியலாளர் டேனியல் ஜான்சனும் அவருடைய குழுவினரும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களை எடுத்து வளர்த்து, ஒவ்வொரு புழுவும் எந்தச் செடியைத் தின்றது, எந்த நிறத்தில் இருந்தது என்பதை நெடுங்காலமாகப் பதிவு செய்து வந்தனர். அஸ்ட்ராப்டெஸ் ஃபல்ஜெரேட்டர் என்னும் ஒரே பெயரில் வழங்கிய பூச்சியில் பல இனங்கள் மறைந்திருப்பதாக 2004இல் வெளிவந்த டி.என்.ஏ. ஆய்வு கூறியது. அந்த முடிவுக்கு வலுச் சேர்த்தவை, தின்ற செடியையும் புழுவின் நிறத்தையும் பற்றிய அந்தக் குறிப்புகளே. இனங்கள் பத்தா அல்லது அதற்குக் குறைவா என்பதில் பின்னர் விவாதம் எழுந்தது உண்மைதான். அப்படி விவாதிக்க முடிந்ததற்கே மாதிரிகளும் குறிப்புகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு எஞ்சியிருந்தது காரணம்.

பார்த்ததையும் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதுவது இதைவிட ஆபத்தானது. புள்ளிக் கழுதைப்புலியைப் பற்றி நெடுங்காலம் நிலவிய கருத்தை எடுத்துக்கொள்ளலாம். காலையில் இரையின் உடலருகே சிங்கங்கள் உண்டுகொண்டிருப்பதையும், கழுதைப்புலிகள் சுற்றிக் காத்திருப்பதையும் கண்டவர்கள், சிங்கம் கொன்றதன் மிச்சத்துக்காகவே கழுதைப்புலிகள் வந்திருக்கின்றன என்று எழுதினர். 1960களில் விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் தான்சானியாவின் செரங்கெட்டியிலும் ங்கோரோங்கோரோவிலும் இரவு நேரங்களில் அவற்றைப் பின்தொடர்ந்து பார்த்தார். ங்கோரோங்கோரோவில் கழுதைப்புலிகள் தங்கள் உணவின் பெரும்பகுதியைத் தாமே வேட்டையாடின. பல சமயங்களில் சிங்கங்களே அவற்றிடமிருந்து இரையைப் பறித்தன. பகலில் பார்த்தவர்களின் கண் பொய் சொல்லவில்லை. ‘காலையில் இரண்டு சிங்கங்கள் உண்டன, கழுதைப்புலிகள் தள்ளி நின்றன, கொன்றதைப் பார்க்கவில்லை’ என்ற அளவில் குறிப்பு நின்றிருந்தால் அது இன்றும் பயன்படும். ‘சிங்கம் கொன்றது’ என்று எழுதிய அந்த இடத்தில்தான் அவதானிப்பு கெட்டது. ஊகத்தை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல கருதுகோள்கள் பல அப்படித்தான் தோன்றுகின்றன. ஊகம் தனி வரியில், ஊகம் என்று தெரியும்படி இருக்க வேண்டும். பார்த்த நேரமும் குறிப்பில் கட்டாயம் இடம்பெற வேண்டும், ஏனெனில் எந்த நேரத்தில் பார்க்கவே இல்லை என்பதை அதைக் கொண்டுதான் பின்வருபவர் அறிய முடியும்.

பார்க்காததை எழுதாமல் விடுவது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய குறிப்புகள் பல ஆய்வுக்கு உதவாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் 1908இல் தொடங்கப்பட்ட முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஜோசப் கிரினெல். தங்கள் குறிப்புகளின் மதிப்பு பல ஆண்டுகள், ஒருவேளை ஒரு நூற்றாண்டு, கழிந்த பின்னரே உணரப்படலாம் என்ற கருத்தை அவர் 1910இலேயே எழுதினார். அதே மாநிலத்தின் யோசெமிட்டி மலைப்பகுதியில் 1914 முதல் 1920 வரை அவரும் அவருடைய குழுவினரும் சிறு பாலூட்டிகளைக் கணக்கெடுத்தபோது, பிடிபட்ட விலங்குகளை மட்டும் எழுதவில்லை. எந்த இடத்தில் எத்தனை பொறிகள், எத்தனை இரவுகள் வைக்கப்பட்டன என்பதையும் எழுதினர். 2003 முதல் அதே இடங்களுக்குத் திரும்பிச் சென்ற ஆய்வாளர்கள், அந்தப் பழைய ஏடுகளைக் கொண்டே ஒவ்வோர் இனத்தையும் கண்டறியும் வாய்ப்பு அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று கணக்கிட்டனர். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 28 இனங்களில் ஏறத்தாழப் பாதி மலையில் சராசரியாகச் சுமார் 500 மீட்டர் மேலேறியிருந்தன என்று 2008இல் வெளியான முடிவு தெரிவித்தது. பொறிகளின் எண்ணிக்கை எழுதப்படாமல் போயிருந்தால், ஓரினம் அன்று அங்கே இல்லையா அல்லது யாரும் சரியாகத் தேடவில்லையா என்பதைப் பிரித்தறியவே முடிந்திருக்காது. கிரினெலின் காலத்தில் அந்த விவரத்தைக் கையாளும் புள்ளியியல் முறையே உருவாகவில்லை என்பதை நினைக்கும்போது, அதை எழுதி வைத்த அக்கறையின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது.

ஆகவே எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவு, எத்தனை பேர் என்ற முயற்சியின் அளவைக் குறிக்காத பட்டியல் அரைகுறையானது. பறவை நோக்குவோர் பயன்படுத்தும் இபேர்டு தளம், கண்டறிந்த எல்லா இனங்களையும் பதிந்தீர்களா என்று ஒவ்வொரு பட்டியலுக்கும் தனியாகக் கேட்பது இதனால்தான். அரிய பறவையை மட்டும் பதிந்துவிட்டுக் காகத்தையும் குருவியையும் விட்டுவிடுபவர், அவை குறையத் தொடங்கும் காலத்தில் அதை நிறுவ ஒரு சான்றும் இல்லாமல் செய்துவிடுகிறார்.

சாதாரணமானவற்றை எழுதியதன் பயனுக்கு அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1850களில் தம் கான்கார்டு ஊரில் குறித்துவைத்த பூக்கும் நாட்கள் நல்ல எடுத்துக்காட்டு. ஆய்வாளர்கள் ரிச்சர்ட் பிரிமாக்கும் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்கும் அவற்றை இன்றைய நாட்களோடு ஒப்பிட்டு, பல செடிகள் சராசரியாக ஒரு வாரம் அளவுக்கு முன்னதாகப் பூப்பதைக் காட்டினர். இத்தகைய பழைய ஏடுகளைக் கையாளும்போதும் ஒரு தவறு நேரலாம். முதல் பூ தென்படும் நாள் வெப்பநிலையை மட்டும் பொறுத்ததன்று. செடிகள் அதிகமாக இருந்தால் விரைவில் பூப்பது ஏதாவது ஒன்று இருக்கும். நாள்தோறும் தேடுபவர் வாரம் ஒருமுறை செல்பவரை முந்தி அதைக் காண்பார். அந்தச் செடி அப்பகுதியில் அரிதாகிவிட்டாலே, பருவம் மாறாதபோதும் முதல் பூ தாமதமானதுபோல் தோன்றும். அதனால் முதல் நாளோடு, பாதிச் செடிகள் பூத்த நாளையும் பூத்து முடிந்த நாளையும் எழுதுவது நல்லது.

ஒற்றை நிகழ்வை எப்படிக் கையாள்வது என்பதில் இரு பக்கமும் பிழை நேர்கிறது. ஒருமுறை கண்டதை அந்த இனத்தின் பொதுவான நடத்தை என்று எழுதுவோர் ஒரு பக்கம். ஒருமுறைதானே என்று தள்ளிவிடும் ஆய்விதழ்கள் மறுபக்கம். தூக்கணாங்குருவிக் கூடுகளில் பல பாதியில் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். 1930இல் மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள கிஹிமில் பறவையியலாளர் சாலிம் அலி ஒரு கூட்டத்தைத் தொடர்ந்து கவனித்து, ஆண் பறவை பாதி கட்டியதும் பெண் பறவைகள் வந்து சோதிக்கின்றன, ஒன்று ஏற்றுக்கொண்ட பிறகே ஆண் அதை முடிக்கிறது, பிறகு அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை ஈர்க்கிறது என்று விளக்கினார். பாதியில் நின்ற கூட்டைப் பொருட்டில்லை என்று தள்ளாமலும், அதிலிருந்து அவசரமாக முடிவு கட்டாமலும் அங்கேயே அமர்ந்து பார்த்ததால் கிடைத்த விளக்கம் அது.

இறுதியாகச் சேமிப்பு. களத்தில் எழுதிய மூல ஏட்டைச் சுத்தமாகப் பிரதி எடுத்ததும் எறிந்துவிடுவோர் உண்டு. பிரதி எடுக்கும்போதுதான் ‘தேவையற்ற’ வரிகள் நீக்கப்படுகின்றன என்பதால், மூலத்தையும் படியெடுத்து ஓர் அருங்காட்சியகத்திலோ நூலகத்திலோ ஒப்படைப்பது நல்லது. இடத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும், ஆனால் எல்லா இடங்களையும் எல்லோருக்கும் காட்டக் கூடாது. வேட்டையாடப்படும் அல்லது திருடி விற்கப்படும் இனங்களின் கூட்டையும் வளையையும் பற்றிய விவரத்தை மூலக்குறிப்பில் முழுமையாக வைத்துக்கொண்டு, பொதுவில் வெளியிடும்போது பரந்த எல்லையாக மட்டும் காட்ட வேண்டும். இபேர்டும், எல்லா உயிரினங்களின் பதிவுகளையும் ஏற்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளமும் ஆபத்திலுள்ள இனங்களுக்கு இந்த ஏற்பாட்டை ஏற்கெனவே செய்துள்ளன.